வைச்ச இடத்திலை இருக்கட்டும்

அவருடைய வளவுக்குள் முதன்முதல் கால் வைத்த அன்றைக்கு வாங்கிய ஏச்சு இன்னும் என் காதுக்குள் நிற்கிறது. மாடு ஒன்று பார்க்கப் போனனான். மாட்டுக்கொட்டிலுக்கும் கிணற்றுக்கும் நடுவில் ஒரு தண்ணீர் வாளி இருந்தது. யாருக்காவது கால் தடக்குமே என்று நல்லெண்ணத்தில் தூக்கி ஒரு முழம் தள்ளி வைத்தேன். அவ்வளவுதான், மனிதர் பாய்ந்து வந்தார்.

"ஆர் உங்களை அதிலை கை வைக்கச் சொன்னது? வைச்ச இடத்திலை இருக்கட்டும்!"

வாளியைத் தூக்கிப் பழைய இடத்திலேயே வைத்தார். வைத்தவர் சும்மா விடவில்லை. கொட்டில் வாசலில் நின்று வாளி வரைக்கும் எட்டு அடி நடந்து பார்த்தார். பிறகு ஒரு விரற்கடை தள்ளினார். எனக்குச் சிரிப்பும் வந்தது, கோபமும் வந்தது. ஒரு வாளிக்கு இவ்வளவு ஆர்ப்பாட்டமா? அன்றைக்கே எனக்குள் ஒரு சந்தேகம் விழுந்தது. இந்த மனிதர் எதையோ ஒளிக்கிறார்.

எனக்குச் சந்தேகம் பிடித்த புத்தி என்று என் மனுசன் சொல்லும். ஓம், பிடித்த புத்திதான். இல்லையென்று நான் எப்போது சொன்னேன்? மனுசன் திருகோணமலைத் துறைமுகத்தில் மூட்டை இறக்கப் போய்விடும். நான் கண்டி வீதியோரம் கப்பல்துறையில் இருந்துகொண்டு மாடு வளர்த்து, சீனக்குடாத் தேத்தண்ணிக் கடைகளுக்குப் பால் கொடுத்தவள். பாலில் தண்ணீர் கலக்கிறவளையும் தெரியும், கலக்கிறவளைக் கண்டும் காணாமல் விடுகிற கடைக்காரனையும் தெரியும். சந்தேகப்படாமல் அந்தத் தொழில் செய்ய ஏலாது.

ஊர் அவரைக் கப்புக்காரர் என்றது. சொந்தப் பெயர் இருந்தது, நான் சொல்லப்போவதில்லை. ஆள் போய்ச் சேர்ந்து கன காலம், ஆனால் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் இருக்கிறார்கள். கந்தளாயில் குளத்தடியில் வருசா வருசம் மாட்டுக் கண்காட்சி வைப்பார்கள். அதில் வென்ற கப்புகளை ஒரு கண்ணாடி அலுமாரி நிறைய அடுக்கி வைத்திருந்தார். போகிற வருகிற ஆட்களுக்கு அதைக் காட்டிப் புழுகுவார் என்று நினைப்பீர்கள். இல்லை. அலுமாரிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு முற்றத்துக் கதிரையில் இருந்து மாட்டுக்கொட்டிலைத்தான் பார்ப்பார். கதிரையும் அதே இடம். "எங்கடை வீட்டிலை கதிரை நகர்ந்தால் பூமி நகர்ந்த மாதிரி," என்று அவருடைய மனுசி பகிடியாகச் சொல்வா. சொல்லிவிட்டு அவவும் அந்தக் கதிரையைச் சுற்றித்தான் கூட்டுவா.

அவருக்கு அந்த மாடுகள் வந்த கதை எல்லாருக்கும் தெரியும். வெள்ளைக்காரர் துறைமுகத்தை விட்டுப் போன நேரம், துரைமாருக்குப் பால் கறந்த மாடுகளை வந்தவனுக்குத் தள்ளிவிட்டுப் போனார்கள். அங்கே புல்லு வெட்டிக் கொடுத்துக்கொண்டிருந்தவர் இவர். ஒரு சிந்திக் காளையையும் இரண்டு பசுக்களையும் ஓட்டிக்கொண்டு வந்து சேர்ந்தார். நாம்பனுக்குப் பெயர் கொமாண்டர். அதை நான் கிழட்டு வயதில்தான் கண்டேன். அப்போதே கண் எடுக்க ஏலாது. பழுத்த பாக்கு நிறம், முழங்கால் வரைக்கும் தொங்குகிற தாடி, நெற்றிக்கு நடுவில் சந்தனப் பொட்டளவுக்கு ஒரு வெள்ளை.

அந்த வெள்ளைப் பொட்டை விடக்கூடாது என்றுதான் எல்லாம் தொடங்கியது. கொமாண்டரை அதன் மகளுக்கே விட்டார். கொமாண்டருக்கும் மகளுக்கும் பிறந்த நாம்பன்தான் சின்னக் கொமாண்டர். கிழவனுக்கு ஏலாமல் போனதும் சின்னவனை மற்றப் பசுக்களுக்கு விட்டார். அதுகள் எல்லாம் அதற்கு அக்கா, தங்கச்சி, பெரியம்மா முறை. ஊர்ப் பெண்டுகள் வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு, "சீ, என்ன கோதாரி இது!" என்றார்கள். நானும் சொன்னேன். முகத்துக்கு நேரேயே சொன்னேன்.

அவர் கோபிக்கவில்லை. மண்ணில் ஒரு குச்சியால் கீறிக் காட்டினார்.

"தங்கச்சி, மச்சாள் முறையும் தங்கச்சி முறையும் மனுசருக்குத்தான். இப்ப நான் வெளி நாம்பன் ஒண்டை விடுறன் எண்டு வையுங்கோ. பிறக்கிற கண்டிலை கொமாண்டர் பாதி. அதுக்கும் வெளியாலை விட்டால் கால்வாசி. மூண்டாம் முறை கொமாண்டர் எங்கை? மோர் மாதிரித் தண்ணியாப் போவான். மகளுக்கே விட்டால் பிறக்கிறதிலை அவன் முக்கால்வாசி நிப்பான். செத்தாலும் நிப்பான்."

"அப்ப நல்லது மட்டும்தான் நிக்குமோ? கெட்டது நிக்காதோ?" என்று கேட்டேன்.

குச்சியை எறிந்துவிட்டு எழும்பிப் போய்விட்டார். என் சந்தேகப் புத்தகத்தில் அது இரண்டாவது பக்கம்.

பொய் சொல்லக்கூடாது. அவர் செய்த வேலையில் பலன் இருந்தது. அவருடைய பசுக்கள் மூன்றை வரிசையில் நிறுத்தினால் பெற்ற தாய்க்கே அடையாளம் தெரியாது. ஒரே உயரம், ஒரே திமில், ஒரே பொட்டு. கண்காட்சியில் நடுவர்மார் மற்ற மாடுகளைச் சுற்றிச் சுற்றிப் பார்ப்பார்கள், இவருடையதைக் கண்டதும் கையைக் கட்டிக்கொண்டு நின்றுவிடுவார்கள். ஊர் மாட்டை அந்த நாம்பனுக்கு விட்டவர்களும் நட்டப்படவில்லை. இரண்டு போத்தல் கறந்த மாட்டின் மகள் ஐந்து போத்தல் கறந்தது. ஆனால் அந்தக் கன்றுகளை அவர் மாடென்றே கணக்கெடுப்பதில்லை. "அது கலப்பு" என்று முகத்தைத் திருப்பிக்கொள்வார்.

சுத்த வழியில் பிறந்த நாம்பன் கன்று ஒன்றையும் விதையோடு வெளியே விடமாட்டார். பசுக் கன்று கொடுத்தால் ஒரு கட்டுப்பாடு உண்டு. அதை அவருடைய நாம்பனுக்கு மட்டும்தான் விட வேண்டும். அரசாங்கத்துச் சினை ஊசிக்காரர் வாசலுக்கு வந்து சும்மா போட்டுத் தருகிறேன் என்றாலும் போடக்கூடாது. செவ்வந்தியை எனக்குத் தந்தபோது கொட்டில் தூணில் கை வைத்துச் சத்தியம் வாங்கினார். செவ்வந்தி கொமாண்டரின் சொந்த மகள். பொட்டு நெற்றியில் கொஞ்சம் இடப்பக்கம் சரிந்து இருந்ததால் கண்காட்சிக்கு உதவாது என்று கழித்தார். எனக்குச் சரிந்த பொட்டால் என்ன குறை? பால் கறந்தால் காணும். தூணில் அடித்துச் சத்தியம் செய்துவிட்டுக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு வந்தேன்.

வந்த பிறகுதான் ஒவ்வொன்றாய்க் கவனித்தேன்.

சின்னக் கொமாண்டரை அவர் தவிர வேறு ஒருவரும் பிடித்து நடத்தக்கூடாது. வெள்ளிக்கிழமைகளில் வீதியால் மதகு வரைக்கும் கூட்டிப்போய்த் திருப்பிக்கொண்டு வருவார். கயிறு ஒரு கையில், மற்றக் கை அதன் கழுத்தில். வாய் ஓயாது. "ஆ, ராசா, இஞ்சாலை வா, பள்ளம் ராசா, ஏறு, ஏறு" என்று ஒரே கதை. மனுசியோடு ஒரு நாளில் பத்து வார்த்தை பேசாத மனிதர் அது. ஒருமுறை வீதி வேலைக்காரர் அவர் நடக்கிற கரையில் கல்லுக் குவித்துவிட்டார்கள். ஓவசியரோடு அன்று காலை முழுக்கச் சண்டை. பஸ் நின்று, உள்ளே இருந்தவர்கள் எட்டிப் பார்த்துச் சிரித்தார்கள். அந்தக் குவியலை மற்றக் கரைக்கு மாற்றுவித்த பிறகுதான் நாம்பனை வெளியே எடுத்தார். ஒரு மாடு கல்லைச் சுற்றிப் போகாதா என்று நான் யோசித்தேன். யோசித்தேன், ஆனால் விடை பிடிபடவில்லை. மரமண்டை!

கந்தளாய்க் கண்காட்சிக்கும் ஒரு வருசம் போனனான். அவர் முதல் நாளே நாம்பனோடு போய், ஆளில்லாத மைதானத்தில் அதைப் பத்துத் தரம் சுற்றி நடத்தினாராம். மறுநாள் பாண்ட் வாத்தியம், கொடி, சனம். ஒரு நோனா திடீரென்று சிவப்புக் குடையை விரித்தா. பக்கத்தில் நின்ற நாம்பன் வெருண்டு கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடி, பலகாரக் கடையைச் சரித்துவிட்டது. சின்னக் கொமாண்டர் அசையவில்லை. குடைப் பக்கம் தலையைக்கூடத் திருப்பவில்லை. நடுவர் ஐயா ஒலிபெருக்கியிலேயே சொன்னார், இவ்வளவு சாதுவான நாம்பனைத் தன் வாழ்நாளில் காணவில்லையாம். சனம் கை தட்டியது. கப்பும் கிடைத்தது.

வீட்டுக்கு வந்து மனுசனிடம் சொன்னேன். "அந்தாள் நாம்பனுக்கு அபின் குடுக்குது. இல்லாட்டி எந்த நாம்பன் அப்பிடி நிக்கும்?"

"உனக்கு ஆரிலைதான் சந்தேகமில்லை?" என்று சொல்லிவிட்டு மனுசன் சோற்றைப் பிசைந்தது.

பிறகு கொழும்புக் கண்காட்சிக்கு வரச் சொல்லி மிருக வைத்தியர் வீட்டுக்கே வந்து கேட்டார். லொறியும் தருகிறோம் என்றார். கப்புக்காரர் போகமாட்டேன் என்றுவிட்டார். கப்பு கிடைக்கிற இடத்துக்குப் போகாத கப்புக்காரரை எங்கேயாவது கண்டிருக்கிறீர்களா? இன்னொன்றும் இருந்தது. அவருடைய வீட்டில் கன்று பிறந்தால் நாற்பது நாளைக்கு ஒருவருக்கும் காட்டமாட்டார். கண்ணூறு என்பார். சில கன்றுகள் நாற்பது நாள் கழித்தும் வெளியே வரவில்லை. கேட்டால், "தங்கேல்லை" என்று ஒரு சொல்லோடு முடித்துவிடுவார். நான் அபினோடு செய்வினையையும் சேர்த்துக்கொண்டேன்.

இந்த நேரத்தில்தான் என் மகள் கமலாவுக்குக் கந்தளாயில் ஒரு சம்பந்தம் பொருந்தியது. பாணுக்கு விடியமுன் வரிசையில் நின்ற, மரவள்ளிக் கிழங்கு அவித்துத் தின்ற காலம் அது. மாப்பிள்ளைக்குக் குளத்துக்குக் கீழே வயல் இருந்தது, குடிக்கிற பழக்கம் இல்லை. இதைவிட என்ன வேண்டும்? எங்களிடம் கொடுக்கப் பெரிதாக ஒன்றும் இல்லை. மாப்பிள்ளையின் தாய் ஒன்றே ஒன்றுதான் வாய் திறந்து கேட்டா.

"உங்கடை செவ்வந்தி கொமாண்டரின்ரை மகளாமே. அதுக்குச் சின்னக் கொமாண்டரிட்டை பிறக்கிற நாகுக் கண்டு ஒண்டு பிள்ளையோடை வந்தால் எங்களுக்குக் காணும்."

செவ்வந்தி அப்போது சின்னக் கொமாண்டருக்கு விட்டு ஆறு மாதச் சினை. பிறப்பது பசுக் கன்றாக, நாகாக இருக்க வேண்டும், சுகமாக இருக்க வேண்டும். என் பிள்ளையின் கலியாணம் அந்த மாட்டின் வயிற்றுக்குள் இருந்தது. முத்துமாரியம்மனுக்கு ஒரு பொங்கல் நேர்ந்து வைத்தேன்.

நேர்ந்து இரண்டு கிழமை இருக்கும். காலை பத்து மணிபோல் பால் கொடுத்துவிட்டு வரும் வழியில், தவிடு இருக்குமா என்று கேட்க அவர் வீட்டுக்குப் போனேன். மனுசி கோயிலுக்குப் போய்விட்டா. அவர் காய்ச்சலில் உள்ளே படுத்திருந்தார். நான் வெறும் பால் கானைக் கீழே வைத்துவிட்டுக் கூப்பிடப் போனேன். கானை வைத்த இடம் கொட்டிலுக்கும் வாளிக்கும் நடுவில்.

கயிறு அவிழ்ந்திருந்த சின்னக் கொமாண்டர் தானாகவே வெளியே வந்தது. தண்ணீருக்குத்தான். அட, என்ன ஒழுங்காக நடக்கிறது என்று பார்த்துக்கொண்டு நின்றேன். நேரே வந்தது. கான் பளபளவென்று வெயிலில் மின்னுகிறது, நாம்பன் நேரே அதற்குள் போய் முட்டியது. கான் உருண்ட சத்தத்துக்கு நாம்பன் முன்னங்கால் மடிந்து விழுந்து எழும்பி, நின்ற இடத்திலேயே உடம்பெல்லாம் நடுங்கியது. தலையை அங்கும் இங்கும் ஆட்டிக் காற்றை மோந்தது.

மெல்லப் பக்கத்தில் போனேன். கண் இரண்டும் தெளிந்த கிணற்றுத் தண்ணீர் மாதிரி இருந்தது, ஒரு பூ இல்லை, ஒரு மறு இல்லை. முகத்துக்கு முன்னால் கையை ஆட்டினேன். இமைக்கவில்லை. சேலைத் தலைப்பை உதறினேன். எந்த நாம்பனும் வெருளும். அது பேசாமல் நின்றது. குடைக்கு ஏன் அசையவில்லை என்று அப்போதுதான் விளங்கியது. வாளி, கதிரை, கல்லுக் குவியல், கொழும்பு, எல்லாம் ஒரே நேரத்தில் விளங்கியது.

சத்தம் கேட்டுத் தலையில் துவாயைச் சுற்றிக்கொண்டு அவர் வந்தார். என்னைப் பார்க்கவில்லை. முதலில் நாம்பனின் கழுத்தில் கை வைத்து, "ஒண்டுமில்லை ராசா, ஒண்டுமில்லை" என்று வாளியடிக்குக் கூட்டிக்கொண்டு போனார். அது குடித்து முடிக்கும் வரைக்கும் நின்றார். பிறகு என் கானை எடுத்து, நெளிவைத் தடவிப் பார்த்து, என் கையில் தந்தார்.

"அண்ணை, இதுக்குக் கண் தெரியாது," என்றேன்.

"ஓம்."

"எப்ப தொடக்கம்?"

"பிறந்த நாள் தொடக்கம்."

"அப்ப என்ரை செவ்வந்தியின்ரை வயித்திலை கிடக்கிறது?"

அவர் கதிரையில் இருந்தார். காய்ச்சலில் பல்லுக் கிட்டியது. "பாதிக்குப் பாதி, தங்கச்சி. தப்பினாலும் தப்பும். கன கண்டு தப்பியிருக்கு."

"தப்பாததுகளை என்ன செய்தனீங்கள்?"

அவர் கொட்டில் பக்கம் திரும்பினார். நான் விடவில்லை, வாயில் வந்தபடி ஏசினேன். என் பிள்ளையின் வாழ்க்கை, சத்தியம் வாங்கிய நாளில் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் ஊசிக்காரரிடம் போயிருப்பேனே, நாசமாய்ப் போவான் என்று என்னென்னவோ. அவர் தலையைக் குனிந்துகொண்டு எல்லாவற்றையும் கேட்டார். பிறகு சொன்னார்:

"அண்டைக்குக் கேட்டீங்கள், கெட்டது நிக்காதோ எண்டு. நிக்கும். நல்லதை இறுக்கிக் கட்டினால் அதுக்குள்ளை கிடந்த கெட்டதும் சேர்ந்துதான் கட்டுப்படும். கொமாண்டருக்குள்ளை அது எங்கையோ ஒளிச்சிருந்திருக்கு. எனக்குத் தெரியாது. இவன் பிறந்தாப் பிறகுதான் தெரிஞ்சுது. ஆனா இவனைப் பாருங்கோ. இந்தத் திமிலைப் பாருங்கோ, பொட்டைப் பாருங்கோ. கொமாண்டரிலும் திறம். இவனை நான் எப்பிடிக் கழிக்கிறது?"

"வெளி நாம்பன் ஒண்டை விட்டால் இது அத்தோடை நிண்டு போயிருக்கும்."

"கொமாண்டரும் அத்தோடை நிண்டு போயிருப்பான்."

நான் எழும்பினேன். படலையைத் திறக்கும்போது பின்னால் அவர் குரல் கேட்டது. "கண்டுக்குத் தெரியேல்லை எண்டால் இடப்பக்கம் நிண்டு கூப்பிடுங்கோ. எப்பவும் ஒரே பக்கம். தண்ணியை ஒரே இடத்திலை வையுங்கோ. நாற்பது நாள் ஒருத்தரையும் கிட்ட விடாதேங்கோ. பழகிவிடும்."

"உங்கடை பாடம் எனக்கு வேண்டாம்!" என்று படலையை அடித்துச் சாத்தினேன்.

ஊரெல்லாம் சொல்லிவிடுவேன் என்றுதான் வீதியில் இறங்கினேன். மதகடியில் வரும்போது நடை குறைந்தது. சொன்னால் என்ன நடக்கும்? கந்தளாயாருக்கு அன்றைக்கே கதை போகும். செவ்வந்தியை ஒரு சனமும் வாங்காது. வீட்டுக்கு வந்து கானைக் கழுவிக் கவிழ்த்துவிட்டுப் பேசாமல் இருந்தேன்.

செவ்வந்தி ஒரு நடுப்பகலில் கன்று போட்டது. நாகு. அம்மாளாச்சி, என்ன வடிவு! தாயின் பொட்டு சரிவு, இதற்கு நெற்றி நடுவில் அளந்து வைத்த மாதிரி. நான் அழுதேன். கையை முகத்துக்கு முன்னால் ஆட்டினேன், இமைக்கவில்லை. பிறந்த கன்றுதானே என்று மனதை ஆற்றினேன். மூன்றாம் நாள் ஆட்டினேன். ஏழாம் நாள் ஆட்டினேன். பத்தாம் நாள் கன்று துள்ளிக்கொண்டு போய் நேரே தூணில் மோதி, மூக்கால் இரத்தம் வந்தது. அதற்குப் பிறகு நான் கையை ஆட்டவில்லை.

பக்கத்து வீட்டுப் பெண் கன்று பார்க்க வந்தா. "நாற்பது நாள் கழியட்டும் மச்சாள், கண்ணூறு படும்," என்று என் வாய் சொன்னது. சொல்லிவிட்டு நான் அப்படியே நின்றேன்.

பிறகு என்ன, செய்தேன். இடப்பக்கம் நின்று கூப்பிட்டேன். கழுத்தில் கை வைத்து நடத்தினேன். வாளியை ஒரே இடத்தில் வைத்தேன், அடையாளத்துக்குக் கீழே ஒரு செங்கல்லும் புதைத்தேன். முற்றத்தில் ஒரு துடைப்பம் குறுக்கே கிடக்கவிட்டதில்லை. மனுசனுக்கு மாடென்றால் பாலும் சாணியும்தான், அது கவனிக்கவில்லை. கமலா திருகோணமலை ரவுனில் என் தங்கச்சி வீட்டில் நின்று தையல் பழகினாள், ஞாயிறுகளில்தான் வருவாள். அவள் வருகிற நாட்களில் கன்றைத் தாயோடு கட்டிவிடுவேன். "ஏனம்மா இது துள்ளுறேல்லை?" என்று ஒருமுறை கேட்டாள். "நல்ல வழிக் கண்டு, அடக்கமா இருக்கும்," என்றேன். அவள் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தாள், பிறகு தலை வாரப் போய்விட்டாள்.

கன்றுக்கு எட்டு மாதம் ஆனபோது சம்பந்தியார் பார்க்க வந்தார்கள். நான் கழுத்தில் கை வைத்துக் கன்றை முற்றத்தைச் சுற்றி நடத்திக் காட்டினேன். மாப்பிள்ளையின் தாய் பொட்டைத் தொட்டுப் பார்த்தா, காதை வருடினா. குரல் வந்த பக்கம் கன்று முகத்தைத் திருப்பி அவவின் கையை நக்கியது. "என்ன சாதுவான பிறவி!" என்று உருகிப்போனா. ஊரில் எல்லாருக்கும் சொல்லிவிட்டாவாம், கொமாண்டர் வழி தங்கள் வீட்டுக்கு வரப்போகிறதென்று. சொல்லிவிடு, சொல்லிவிடு என்று நெஞ்சு அடித்தது. பால் கண்ணிலிருந்தா வருகிறது என்று நானே எனக்குச் சமாதானம் சொன்னேன். தேத்தண்ணி ஊற்றக் குசினிக்குள் போனேன்.

கலியாணம் நல்லபடி நடந்தது. பிள்ளையும் சாமான்களும் கந்தளாய்க்குப் போகிற அன்று கன்றை ஏற்ற உழவு மெசின் பெட்டியோடு வந்து வீதியில் நின்றது. சனம் நிறைந்த முற்றம். கன்றைக் கையில் பிடித்துக்கொண்டு நடக்கிறேன், எனக்குக் கண்ணீரில் ஒன்றும் தெரியவில்லை. எல்லாரும் மகளைப் பிரிகிற அழுகை என்று நினைத்தார்கள். படலைக்கு முன்னால் விருந்துக்குச் சனம் இருக்கப் போட்ட நீள வாங்கு ஒன்று குறுக்கே கிடந்தது. நான் காணவில்லை. சனத்துக்குள் நின்ற கப்புக்காரர் கண்டார். முன்னால் வந்து, வாங்கைத் தூக்கி வேலியோரம் வைத்துவிட்டு, கன்று தாண்டும் வரைக்கும் தலையைக் குனிந்துகொண்டு நின்றார். அவர் ஒரு பொருளை இடம் மாற்றியதை நான் கண்டது அந்த ஒரு நாள்தான். அவர் என்னைப் பார்த்தார், நானும் பார்த்தேன். அன்றைக்கு எனக்கு அவர்மேல் கோபம் வரவில்லை. அதை நினைக்கத்தான் இன்றைக்கும் கோபம் வருகிறது.

மூன்று மாதம் கழித்துக் கமலாவிடமிருந்து கடிதம் வந்தது. சுகம் விசாரித்திருந்தாள். குளத்தில் தண்ணீர் நிறைந்திருக்கிறதாம், மாப்பிள்ளை நல்ல மாதிரியாம். கடைசியில் இப்படி எழுதியிருந்தாள்:

"மாமி கன்றைச் சாது சாது என்று ஊரெல்லாம் சொல்லித் திரிகிறா. நீங்கள் ஒன்றுக்கும் யோசிக்க வேண்டாம், அம்மா. நான் இடப்பக்கம் நின்றுதான் கூப்பிடுகிறேன். தண்ணீர் வாளியை ஒருத்தரையும் இடம் மாற்ற விடுகிறதில்லை."

மனுசன் பக்கத்தில் இருந்து, "பிள்ளை என்னவாம்?" என்று கேட்டது. "சுகமாம்," என்று சொல்லிக் கடிதத்தை மடித்தேன்.